வேரைக் கழுவியவள்

உங்கள் தோட்டத்தில் ஒரு மரம் பட்டுப்போகிறது. முதலில் எதைப் பார்ப்பீர்கள்? மரத்தின் வேரையா, உங்கள் மனைவி வீட்டுக்கு விலக்கான தேதியையா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். மயிலாடிக்குக் கிழக்கே பிரிஜாவின் கொய்யாத் தோட்டம் காய்ந்தபோது, பட்டம் வாங்கியவர்களும் கைபேசியில் உலகத்தையே விரலால் தள்ளிப் பார்ப்பவர்களும் தேதியைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் குனியவில்லை.

இன்று அந்தத் தோட்டத்துக்குப் போகிறவர்கள் இரும்பு கேட்டைத் தள்ளியதும் உள்ளே நுழைந்துவிட முடியாது. கேட்டை ஒட்டியே ஒரு குழாய், ஒரு சிமெண்டுத் தொட்டி, தேங்காய் நாரில் ஒரு பிரஷ். செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகால் வெடிப்பில் இருக்கும் மண் போகத் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்வெட்டி கொண்டுவந்தால் அதையும் கழுவ வேண்டும். பிரிஜா இடுப்பில் கைவைத்து நின்று பார்ப்பாள். அரைகுறையாக நனைத்துவிட்டு நழுவப் பார்ப்பவர்களைத் திரும்பவும் தொட்டிக்கு அனுப்புவாள்.

“கோயிலுக்குப் போறதுக்குக்கூட இவ்வளவு கெடுபிடி இல்லியே பிள்ள,” என்று உறவுக்கார மாமா ஒருவர் ஒரு நாள் சலித்துக்கொண்டார்.

“கோயிலுக்கு நீங்க கொண்டுபோற அழுக்கு யாரையும் கொல்லாது மாமா. இங்க கொல்லும். குதிகாலக் காட்டுங்க.”

அவளுடைய மாமியார் பகவதியம்மாளும் கழுவுகிறாள். கணவன் சுயம்புராஜும் கழுவுகிறான். கழுவும்போது இருவரும் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் அவர்கள் காலைப் பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் உதட்டோரம் லேசாக இழுபடும். அதைச் சிரிப்பு என்று யாரும் தவறாக நினைத்ததில்லை.

அந்த ஐம்பது சென்ட் செம்மண் மேடு, பிரிஜாவின் அப்பா கல்யாணத்தின்போது அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தது. பல வருடம் அதில் மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்குதான் நின்றது. எலிக்குப் போக மிச்சம் மனிதனுக்கு. பிரிஜா பி.காம். படித்துவிட்டு நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கடையைப் பூட்டியபோது வீட்டுக்கு வந்தவள், மரச்சீனியைப் பிடுங்கிவிட்டுக் கொய்யாவும் மாதுளையும் வைக்கப்போகிறேன் என்றாள்.

“பேரக்காயா? வவ்வாலுக்குச் சோறு போடவா?” என்றாள் பகவதியம்மாள். கொய்யாவுக்கு அங்கே பேரக்காய் என்றுதான் பெயர்.

“வவ்வாலுக்கும் போடுவோம் அத்தை. மிச்சத்த நாம விப்போம்.”

சுயம்புராஜ் மயிலாடியில் ஒரு சிற்பக்கூடத்தில் கல் செதுக்குகிறவன். தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அதிகம் பேசமாட்டான். பேச வேண்டிய இடத்திலும் பேசமாட்டான் என்பது பிரிஜாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. “உனக்க நிலம், உனக்க இஷ்டம்,” என்று அன்று சொன்னான். அவளும் அதை நம்பினாள்.

நாற்று வாங்க எங்கே போவது என்ற கேள்வியே அந்தப் பக்கத்தில் எழாது. கொட்டாரம் போகிற சாலையில் கிருஷ்ணமணியின் நாற்றுப் பண்ணை இருக்கிறது. கிருஷ்ணமணி கைராசிக்காரர். அவர் கையால் முதல் நாற்றை நட்டால் தோப்பு தழைக்கும் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேச்சு. வீடு கட்டுகிறவர்கள் தென்னம்பிள்ளை வைக்க அவரை அழைப்பார்கள். வெள்ளைச் சட்டையும் சந்தனப் பொட்டுமாகக் காரில் வந்து இறங்குவார். ஒரு நாற்றை நட்டுவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போவார்.

அவர் பண்ணையில் ஒரு பழைய கொய்யா மரம் உண்டு. அதுதான் தாய்மரமாம். அடியில் ஒரு சின்னப் பீடம், அணையாத விளக்கு. அந்த மரத்தடி மண்ணுக்குப் பெயர் தாய்மண். பண்ணையில் பை நிறைக்கும் வேலையெல்லாம் பெண்கள்தான் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு பையிலும் கடைசியாகப் போடும் ஒரு பிடி தாய்மண்ணை மட்டும் ஆண் கைதான் போட வேண்டும், பெண் தொட்டால் மண்ணின் சக்தி போய்விடும் என்று கிருஷ்ணமணி விதி வைத்திருந்தார். நாற்று வாங்குகிறவர்களுக்கு, குழியில் போட ஒரு கூடைத் தாய்மண்ணைத் தனியாகவும் கொடுப்பார். பண்ணையைத் தாண்டிவிட்டால் அதைப் பெண்ணும் தொடலாமாம். மண்ணை யாரும் மறுத்ததில்லை. குங்குமத்தை மறுப்பார்களா என்ன?

பிரிஜாவும் மறுக்கவில்லை. சொல்லப்போனால், கூடையைத் தலையில் சுமந்து வந்து குழி குழியாகப் போட்டவள் அவள்தான். ஒரு பங்கு மண்ணைப் பகவதியம்மாள் தூக்குவாளியில் அடைத்துச் சாமி அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

செடிகள் முதலில் நன்றாகத்தான் வந்தன. கொய்யாவுக்குக் கிளைகளை வளைத்துக் கட்டினால் காய் பிடிப்பு கூடும். வளைந்த இடத்திலெல்லாம் புதுத் துளிர் வெடிக்கும். பிரிஜா சிற்பக்கூடத்துக் குப்பையிலிருந்து உடைந்த கற்களைப் பொறுக்கி வந்து கிளைநுனிகளில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். எல்லாம் வேலை கெட்டுப்போன சிற்பங்களின் துண்டுகள்: அபயம் காட்டும் கை, பாதி மூக்கு, சிலம்பணிந்த கால். தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு மரம் ஒரு தெய்வம் ஊஞ்சல் ஆடுவது போல இருக்கும். பகவதியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிரிஜா சிரித்தாள். முதல் காயைக் கடித்தபோது விதை வரைக்கும் இனித்தது.

அடுத்த மழைக்குப் பிறகு இலைகள் செம்பு நிறமாயின. மத்தியானத்தில் செடி தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். சாயங்காலம் கொஞ்சம் நிமிரும். பிறகு நிமிரவில்லை. தாகமென்று நினைத்து அவள் இரட்டிப்பாகத் தண்ணீர் ஊற்றினாள். அதுவும் போதாமல் ஒரு காரியம் செய்தாள். பண்ணைக்குப் போய் இன்னும் இரண்டு கூடை தாய்மண் வாங்கி வந்து, வாடிய செடிக்கெல்லாம் அடியில் கொத்திப் போட்டாள். வாடாத மாதுளைகளுக்கும், முன்னெச்சரிக்கையாக, ஒவ்வொரு கை போட்டாள். சாகிற செடிக்கெல்லாம் அவளே சாவை அள்ளி வைத்தாள். அப்போது அவளுக்கு அது பிரசாதம். பண்ணையில் அந்தத் தாய்மரமே பாதி மொட்டையாக நின்றதைப் பார்க்கத்தான் செய்தாள். “பெத்துப் பெத்து ஓஞ்சுபோச்சு மக்கா,” என்று கிருஷ்ணமணி சொன்னதை நம்பவும் செய்தாள்.

மாதுளைகளும் சாய்ந்த பிறகு சுயம்புராஜ் கிருஷ்ணமணியை அழைத்து வந்தான். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். கிருஷ்ணமணி ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கண்ணை மூடினார். பிறகு மிக இதமான குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி, ஒரு கேள்வி கேட்டார்.

“மக்கா, மறைக்காமச் சொல்லு. விலக்கான நாள்ல நீ இதுக்குள்ள வந்தியா?”

பிரிஜாவுக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? “தண்ணி ஊத்த வேற யாரு இருக்கா அண்ணாச்சி? வந்தேன்.”

“பொறவு எனக்கு என்ன கேள்வி?” அவர் இலையைக் கீழே போட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “தாய்மண்ணு அது. தீட்டு ஆவாது. எனக்க கைராசி என்ன செய்யும், உள்ள நிக்க கை இப்படி இருந்தா?”

கூட்டத்தில் ஒருத்தி ‘ச்சே’ என்றாள். பிரிஜா கணவனைப் பார்த்தாள். பகல் முழுக்க அம்மனுக்கு முகமும் மார்பும் இடுப்பும் செதுக்குகிறவன், அந்த அம்மனைப் போல ஓர் உடம்பு தன் வீட்டிலும் இருக்கிறது என்பதை மறந்துபோய், கால் கட்டைவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

மறுநாள் கேட்டில் ஒரு பூட்டுத் தொங்கியது. சாவி பகவதியம்மாளின் இடுப்பில். தன் பெயரில் இருக்கும் நிலத்துக்குப் பிரிஜாவே போக முடியாது. எந்தச் சட்டம் இது? எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது? ஒரு சந்தனப் பொட்டும் ஒரு வெள்ளைச் சட்டையும் சொன்னால் போதும், நம் ஊரில் பட்டா செல்லாது.

பேச்சு வேகமாகப் பரவியது. பக்கத்து வீட்டில் கறிவேப்பிலை கிள்ளப் போனால், “நீ நில்லு, நான் பறிச்சுத் தாறேன்,” என்றார்கள். ஊறுகாய்ப் பரணியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கால்நாட்டினார்கள். பெண்கள் வரிசையாகப் பந்தற்காலுக்குப் பால் விட்டுக்கொண்டிருந்தபோது பிரிஜாவும் பால் இருந்த கிண்டியைக் கையில் வாங்கினாள். ஒரு கை அதை மெதுவாக, மரியாதையாக, அவள் விரல்களிலிருந்து பிரித்து எடுத்தது. “தப்பா எடுத்துக்காத பிள்ள. நீ சித்த தள்ளி நில்லு.”

அவள் தள்ளி நின்றாள். நின்ற இடத்தில் ஒரு முடிவுக்கு வந்தாள். செடி போனது போகட்டும். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். சொன்ன வாயே அதைத் திரும்பப் பெற வேண்டும். கேட்ட காதுகளெல்லாம் அதையும் கேட்க வேண்டும். அதற்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை.

வழி காட்டியது ஒரு செத்த செடி. பகவதியம்மாள் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில், பிரிஜா வேலியைத் தாண்டிக் குதித்தாள். ஒரு செடியைப் பிடுங்கி நடுத்தெருவில் கொளுத்தினால்தான் நெஞ்சு ஆறும் என்று தோன்றியது. காலை ஊன்றிப் பலமாக இழுத்தாள். மண்ணில் கிடந்து பழகிய செடி அவ்வளவு சுலபமாக வரக்கூடாது. அது வந்துவிட்டது, அவளையும் மல்லாத்திக்கொண்டு. எழுந்து பார்த்தாள். வேர்கள் மழுங்கிக் குட்டையாக இருந்தன. வாளித் தண்ணீரில் அலசினாள். மண் கரையக் கரைய, வேர் முழுக்கப் பாசிமணி கோத்தது போலக் கட்டி கட்டியாக வெளியே வந்தது.

அதை ஒரு சாக்கில் சுற்றிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்குப் போனாள். அங்கே ஜாஸ்பின் என்ற இளம் அதிகாரி ஒரு கட்டியை நகத்தால் கீறி, லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தாள்.

“நூற்புழு அக்கா. வேருக்குள்ள குடியிருக்கும். வேர் வீங்கிப்போனா தண்ணி மேல ஏறாது. நீங்க எவ்வளவு ஊத்தினாலும் செடி தாகத்துலதான் சாவும்.”

“எங்கேருந்து வந்தது?”

“மண்ணுலேருந்து. பழைய மரச்சீனி நிலத்துல கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனா இவ்வளவு இருக்குன்னா நாத்துப் பையோட வந்திருக்கணும். வேற எங்கேருந்தாவது மண்ணு கொண்டுவந்து போட்டீங்களா?”

 பிரிஜா தலையில் சுமந்த கூடைகளின் எடை மறுபடியும் கழுத்தில் இறங்கியது. பிறகு கேட்டாள்: “தீட்டுல வருமா இது?”

ஜாஸ்பின் சிரிக்கத் தொடங்கி, எதிரில் இருந்தவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். “அக்கா, எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு. காலையிலேருந்து நான் தொடாத செடி இந்த ஆபீசுல இல்ல. சன்னல்ல பாருங்க, எது செத்திருக்குன்னு.”

நம்புவதற்கு அது போதும். ஆனால் பிரிஜாவுக்கு நம்பிக்கை வேண்டியிருக்கவில்லை. நம்பிக்கையால் பட்டது போதும். சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்லச் சொன்னாள். வெண்டைச் செடியை இந்தப் புழு விட்டுவைக்காது என்றும், சந்தேகப்படும் மண்ணில் வெண்டை போட்டுப் பார்க்கலாம் என்றும் ஜாஸ்பின் சொன்னாள்.

மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் வைத்தாள். ஒன்றில், புழு இருந்தால் சாகட்டும் என்று அண்டாவில் போட்டு வேகவைத்து ஆறவைத்த வெறும் மண். மற்றொன்றில் சாமி அலமாரித் தூக்குவாளியில் இருந்த தாய்மண். அதை அவள் திருடவில்லை.

“அத்தை, சாமி மண்ணு சும்மாதான இருக்கு, வெண்டக்கா போடுவமா? நான் தொடமாட்டேன். நீங்களே தண்ணி ஊத்துங்க.”

பகவதியம்மாளுக்குப் புல்லரித்துவிட்டது. மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தாள். தினமும் குளித்து, ஈரத்தலையோடு, வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு தாய்மண் தொட்டிக்குத் தண்ணீர் விட்டாள். வெறும் மண் தொட்டியைப் பிரிஜா கவனித்துக்கொண்டாள். விலக்கான நாட்களில் வேண்டுமென்றே இரண்டு கையாலும் அந்த மண்ணைக் கிளறினாள். இலையைத் தடவினாள். தண்டில் கன்னத்தை வைத்துக்கூடப் பார்த்தாள்.

வெண்டை பூக்கும் பருவத்தில் மாமியாரை மாடிக்கு அழைத்தாள். தீட்டுக்காரி வளர்த்தது இடுப்பளவு நின்றது. சாமி மண்ணில் வளர்ந்தது முழங்கால் உயரத்தில் மஞ்சளாகச் சுருண்டிருந்தது.

“ரெண்டையும் நீங்களே பிடுங்குங்க அத்தை.”

பகவதியம்மாள் பிடுங்கினாள். பிரிஜா தண்ணீர் ஊற்றினாள். ஒரு வேர் வெள்ளை நூலாகப் பிரிந்து தொங்கியது. மற்றொன்றில் கட்டி கட்டியாக மணிகள்.

“என்னட்டி இது, பாசிமணி மாதிரி?”

“உங்க கையால வளத்ததாக்கும். நான் தொடவே இல்ல.”

கிழவி நெடுநேரம் அந்த வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே இறங்கிப் போனாள். பிரிஜா இறங்கி வந்தபோது சமையல் மேடையில் உப்புப் பரணிக்குப் பக்கத்தில் கேட்டுச் சாவி கிடந்தது.  மன்னிப்பு என்ற சொல் அந்த வீட்டில் யாருக்கும் பழக்கமில்லை.

சாவி கிடைத்தது. ஆனால் அவள் கேட்டது சாவியை இல்லையே. இரண்டு வேர்களையும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணமணியிடம் போனாள். தாய்மரத்துக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், வேரைப் பார்த்த ஒரு கணம் முகம் மாறினார். அந்த ஒரு கணம் பிரிஜாவுக்குப் போதுமானதாக இருந்தது. அவருக்குத் தெரியும். எவ்வளவு நாளாகவோ தெரியும்.

“சரி மக்கா, விடு. நூறு நாத்து சும்மா தாறேன். கொண்டுபோ.”

“நாத்து வேண்டாம் அண்ணாச்சி. அன்னைக்குச் சொன்னவங்க நீங்க. அதே ஆளுங்க முன்னால, இவ கையில குத்தமில்ல, மண்ணுலதான் குத்தம்னு சொல்லுங்க. அது போதும்.”

அவர் சிரித்தார். “நான் சொல்லல்லைன்னா?”

“நான் சொல்லுவேன்.”

“சொல்லு. ஊரு யார நம்பும்? தீட்டுக்காரியையா, கைராசிக்காரனையா? போட்டி, போய் அடுப்பப் பாரு.”

தீட்டுக்காரி. அந்தச் சொல்லை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நாளில் கிருஷ்ணமணியின் மகள் இந்துஜாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சுற்றுவட்டாரத்தில் ஒரு வீடு விடாமல் அழைப்பு வைத்தார்கள். அழைப்பிதழைப் பார்த்த சுயம்புராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “வாறவங்களுக்கெல்லாம் தாம்பூலப் பைக்குப் பதிலா ஆளுக்கொரு கொய்யா நாத்தாம். தாய்மண்ணு போட்டு. அண்ணாச்சி அவரு கையாலயே குடுப்பாராம்.”

பிரிஜா சிரித்தாள். தோட்டம் காய்ந்த பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. 

“நீ வரவேண்டாம் பிரிஜா.”

“உனக்க நிலம், உனக்க இஷ்டம்னு ஒருத்தர் சொன்னாரு. அவரு எங்க போனாரு? பட்டுச்சேலைய இஸ்திரி போட்டு வைங்க.”

கொட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நாதஸ்வரம், செண்டை, ஒலிபெருக்கி. பிரிஜா வந்து, தாலி கட்டியபோது அட்சதை போட்டு, பந்தியில் உட்கார்ந்து மூன்று பாயசமும் கேட்டு வாங்கிக் குடித்தாள். கை கழுவும் குழாய்கள் வாசலுக்குப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. அதைத் தாண்டித்தான் நாற்று மேசை. மேசைக்குப் பின்னால் கிருஷ்ணமணி பட்டு வேட்டியில் நின்று ஒவ்வொருவருக்கும் நாற்றை எடுத்துக் கொடுத்தார். பிரிஜாவைக் கண்டதும் குரலை உயர்த்தினார். பெருந்தன்மையைப் பலர் பார்க்க வேண்டுமே.

“வா மக்கா, வா. பழசெல்லாம் மனசுல வச்சுக்காத. இந்தா. ஆனா நீ நடாத கேட்டியா? உனக்க மாப்பிள கையால நடச்சொல்லு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிரிஜா இரண்டு கையாலும் பணிவாக நாற்றை வாங்கினாள். திரும்பிக் குழாயடிக்கு வந்தாள். பையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். குழாயை முழுக்கத் திறந்து வேரை நீட்டினாள்.

“ஏட்டி, உனக்குக் கிறுக்கா? பட்டுல சேறு தெறிக்குது!” என்று ஒருத்தி விலகினாள்.

இதைச் சொல்லியாக வேண்டும்: அந்தக் கணத்தில் பிரிஜாவுக்கு நிச்சயம் கிடையாது. இந்த நாற்று சின்னது. ஒருவேளை வேர் சுத்தமாக இருந்தால்? அத்தனை பேர் முன்னால், கல்யாண வீட்டில், அவள் வாழ்நாள் முழுக்கக் கிறுக்கிதான். சிவப்புத் தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு வெளுத்தது. கட்டைவிரலால் வேரை வருடினாள். முதல் மணி தட்டுப்பட்டது. அடுத்தது. அதற்கடுத்தது.

அவள் நாற்றைத் தலைகீழாகப் பிடித்துக் கையை உயர்த்தினாள். பில் போடும் கவுண்டரில் கூட்டத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் அது. “இதாக்கும் தாய்மண்ணு! பாத்துக்கிடுங்க! எனக்க தோட்டத்த தின்னது இதாக்கும். கொண்டுபோய் நட்டா உங்க தோட்டத்தையும் திங்கும். நம்பாதவங்க உங்க பையக் கிழிங்க. தண்ணி இங்க ஓடுது.”

 ஒரு பெண் கிழித்தாள். அடுத்தவள் கிழித்தாள். குழாய் குழாயாகச் சேறு ஓடியது. மணிகள் தெரிந்தன. கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த மாப்பிள்ளையின் மாமா ஒருவர் ஒரு வேரை வாங்கி உற்றுப் பார்த்தார்.

“எனக்க மாதுளையும் இப்படித்தான வாடிச்சு,” என்றார், தனக்குத்தானே. “நான் எனக்க மருமவளயில்லா பழி சொன்னேன்.”

கிருஷ்ணமணி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். முகத்தில் சந்தனம் வியர்வையில் வழிந்தது. “கேளுங்க, கேளுங்க. பண்ணையில வேலைக்கு வாற பொம்பளையளு எவளோ விலக்கோட பையத் தொட்டிருப்பா. தாய்மண்ணு கெட்டுப்போச்சு. அவ்வளவுதான்!”

மறுபடியும் ஒரு பெண். மாட்டிக்கொண்ட பிறகும் கைக்கு அகப்பட்டது ஒரு பெண்ணின் உடம்புதான். ஆனால் அந்தப் பெண்களும் அன்று அங்கேதான் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பண்ணையில் பை நிறைக்கும் ஷிஜி, சாம்பார் வாளியும் கையுமாக அப்படியே நின்றாள்.

“அண்ணாச்சி, தாய்மண்ண நாங்க எப்பம் தொட்டோம்? தொட்டா கைய முறிப்பேன்னு சொன்னது யாரு? ஆம்பளக் கைதான் போடணும்னு நீங்கதான விதி வச்சிய? அத்தன பையிலயும் போட்டது உங்க கையில்லா?”

எங்கோ ஒருவன் சிரித்தான். சிரிப்பு பற்றிக்கொண்டது. “அப்ப அண்ணாச்சிக்குத்தான் விலக்கு போல,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. செண்டைக்காரன்கூடச் சிரித்தான்.

இந்துஜா மணமேடையிலிருந்து இறங்கி வந்திருந்தாள், கழுத்தில் மாலையோடு. கண் மை கலங்கியிருந்தது. “போதும் பிரிஜா, கல்யாணப் பொண்ணு நிக்குது, விட்டுரு,” என்று யாரோ தோளைத் தொட்டார்கள். பிரிஜா அந்த முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் அவளுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஆனால் பந்தற்காலுக்கு முன்னால் தன் கையிலிருந்து கிண்டியைப் பிடுங்கியபோது, ‘போதும், விட்டுரு’ என்று யார் தோளை யார் தொட்டார்கள்?

அவள் விடவில்லை.

“சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு எனக்க தோட்டத்துல எல்லாரும் கேக்கச் சொன்னிய. இன்னைக்கும் எல்லாரும் இருக்காவ.”

கிருஷ்ணமணி உதட்டை அசைத்தார்.

“கேக்கல்ல.”

“சொல்லிட்டு விடுங்கப்பா,” என்றாள் இந்துஜா. சொல்லும்போது பிரிஜாவைப் பார்த்த பார்வையில் நெருப்பு இருந்தது. பிரிஜா அதையும் வாங்கிக்கொண்டாள்.

“இவ கையில குத்தமில்ல,” என்றார் கிருஷ்ணமணி. “மண்ணுலதான்.”

“யாருக்க மண்ணுல?”

“எனக்க மண்ணுல.”

பிரிஜா குழாயை மூடினாள். சேலையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். மண்டபத்து வாசலில் ஆள் உயரத்துக்கு நாற்றுப் பைகள் குவிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் கேட்ட ‘தொப்’ சத்தம் பாயசத்தைவிட இனித்தது. சுயம்புராஜ் பின்னால் வந்தான். “கொஞ்சம் ஓவராப் போச்சு,” என்றான். “ஆமா,” என்றாள் அவள்.

ஊரைக் காப்பாற்றத்தான் அவள் அதைச் செய்தாள் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். பஞ்சாயத்தில் சால்வை போர்த்தக்கூட ஒரு பேச்சு வந்தது. “ஊருக்காவவா? எனக்காவச் செஞ்சேன். சால்வைய மடிச்சு வைங்க,” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நல்ல காரியத்துக்குக் காரணமும் நல்லதாகத்தான் இருக்க வேண்டும் என்று பெண்ணிடம் மட்டும் ஏன் எதிர்பார்க்கிறோம்? இந்துஜா இன்றுவரை பிரிஜாவோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் சாலையைக் கடந்து போகிறாள். அது பிரிஜாவுக்கு வலிக்கத்தான் செய்கிறது. வலித்தும் வருத்தமில்லை என்கிறாள்.

தோட்டம் உடனே திரும்பிவிடவில்லை. செத்ததையும் சாகாததையும் வேரோடு பிடுங்கி எரித்தாள். ஜாஸ்பின் சொன்னபடி நிலம் முழுக்கக் கேந்தி என்கிற செண்டுமல்லி போட்டாள். கேந்தியின் வேர் அந்தப் புழுவுக்கு ஆகாது. பூவெல்லாம் தோவாளைச் சந்தைக்குப் போய், அங்கிருந்து கோயில் கோயிலாகச் சாமி கழுத்தில் ஏறியது. தீட்டுக்காரி நட்டது, தீட்டுக்காரி பறித்தது. எந்தச் சாமியும் மாலையைக் கழற்றி எறிந்ததாகத் தகவல் இல்லை.

பிறகு சுத்தமான மரங்களிலிருந்து அவளே பதியன் போட்டெடுத்த கொய்யாக்களை வைத்தாள். இப்போது காய்க்கின்றன. உடைந்த கல் கைகளைச் சுயம்புராஜே கொண்டுவந்து கிளைகளில் கட்டுகிறான், காலைக் கழுவிய பிறகு. காலில் ஒட்டிய மண்ணோடு புழு வரும், ஆகவே கழுவித்தான் ஆக வேண்டும் என்று சொன்னது ஜாஸ்பின். குதிகாலைத் தூக்கிக் காட்டச் சொல்வது மட்டும் பிரிஜாவின் சொந்தச் சேர்க்கை. அது பழிக்குப் பழி. அதை அவள் மறைப்பதில்லை.

அடுத்த முறை நாற்று வாங்கப் போகும்போது, விற்கிறவர் எவ்வளவு பெரிய கைராசிக்காரராக இருந்தாலும், அவர் கண்ணெதிரே ஒரு பையைக் கிழித்து வேரைக் கழுவிப் பாருங்கள். அதற்கு முன்னால் இன்றைக்கே இன்னொன்றும் செய்யுங்கள். ‘தள்ளி நில்’ என்று உங்கள் வாய் சொன்ன பெண் ஒருத்தி உங்கள் வீட்டில் இருப்பாள். அவளைக் கூப்பிடுங்கள். அன்று யார் யாரெல்லாம் அதைக் கேட்டார்களோ அவர்களையும் கூப்பிடுங்கள். சொன்னதை அவர்கள் முன்னால், அவளுக்குக் கேட்கும்படி, சத்தமாகத் திரும்பப் பெறுங்கள்.